ஐம்பது நிமிஷ தூரம்

அத்தியாயம் 14

சின்னவன் இருக்கும் ஊரின் பெயர் விமான நிலையப் பலகையில் பச்சை எழுத்தில் ஓடியது. பெரியவள் அதை மூன்று தடவை படித்தாள்.

அந்த ஊரிலிருந்து இந்த ஊருக்கு நேர் விமானம். வந்து சேர இன்னும் பத்து நிமிஷம். நடுவில் வேறு எந்த ஊரின் பெயரும் இல்லை.

"பலகை தப்பாக் காட்டுதா?" என்று பக்கத்தில் நின்ற ஆஸ்பத்திரி வேன் டிரைவரைக் கேட்டாள்.

"அது ஏன் மேடம் தப்பாக் காட்டப் போகுது? லேட்டுன்னா லேட்டுன்னு தானே ஒத்துக்கும். மனுஷங்க மாதிரியா?"

பெரியவளுக்குக் காதுமடல் சூடாகிக்கொண்டு வந்தது.

அப்பாவுக்கு இரண்டே பிள்ளைகள். பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டிய அவசியமே அவருக்கு வந்ததில்லை. பெரியவளே, சின்னவனே, அவ்வளவுதான். ஒருத்திக்கு நாற்பத்திரண்டும் ஒருத்தனுக்கு முப்பத்தெட்டும் ஆன பிறகும் அதேதான். முப்பது வருஷம் பஸ் ஓட்டியவர் அப்பா. நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு காலையில் பக்கவாதத்தில் இடது பக்கம் விழுந்துவிட்டது. அன்றிலிருந்து அவருக்குக் கை, கால், நடை எல்லாம் பெரியவள்தான்.

போன வெள்ளிக்கிழமை தலைமை டாக்டர் அவளைக் கூப்பிட்டு, பெரிய நகரத்துக் கிளையின் ஸ்கேன் பிரிவை முழுசாக ஏற்று நடத்த முடியுமா என்று கேட்டதும், அதைக் கேட்டு அவள் வீடு வரை நடந்தே வந்ததும் நமக்குத் தெரியும். அன்றைக்கே சின்னவனுக்குப் போன் போட்டாள். "ஆறே ஆறு மாசம்டா. அப்பாவை நீ வெச்சுக்கோ. நான் அங்க போய் ஒரு வீடு பார்த்து, ஒரு ஆள் பார்த்து, அப்புறம் கூட்டிக்கறேன்."

சின்னவன் உடைந்து போன குரலில் சொன்னான்: "எனக்கு ஆசை இல்லையா அக்கா? நேர் பிளேனை நிறுத்தித் தொலைச்சுட்டாங்களே! இப்ப மாறி மாறி வந்தா ஒரு நாள் முழுசாப் போயிடும். ரோடுன்னா மலையைச் சுத்தணும். அப்பா உடம்பு தாங்குமா, சொல்லு."

தாங்காதுதான் என்று பெரியவளும் ஒத்துக்கொண்டாள். ஒத்துக்கொண்டு, பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

இப்போது பலகை பளிச்சென்று மின்னுகிறது.

ஸ்கேன் மெஷின் பழுது பார்க்கும் என்ஜினீயர் முதுகுப் பையோடு முதல் ஆளாக வெளியே வந்தார். கொட்டாவி விட்டபடியே கை நீட்டினார்.

"எங்க மாறி ஏறினீங்க?" பெரியவள் வணக்கம் கூடச் சொல்லவில்லை.

"மாறறதா? எதுக்கு மாறணும்? நேரா பறந்தா முந்நூறு கிலோமீட்டர் கூட வராது மேடம். ரோடுதான் மலைக்குப் பயந்து சுத்திக்கிட்டுப் போகுது, பஸ்ஸுல வந்தா ராத்திரி பூரா முதுகு ஒடியும். பிளேன் மலை மேலயே தாவிடுது. ஐம்பது நிமிஷம். காபி ஆறறதுக்குள்ள பெல்ட்டைப் போடுங்கன்னு சொல்லிடறாங்க."

"அந்த பிளேன் நின்னு போச்சே?"

"ஒரு தடவை நின்னுச்சு. அதாச்சு ஒன்றரை வருஷம். ரெண்டே மாசத்துல திரும்ப ஆரம்பிச்சுட்டாங்களே! காலையில ஒண்ணு, சாயந்திரம் ஒண்ணு. வேற ஆஸ்பத்திரிங்களுக்கு நான் மாசத்துல நாலு தடவை வர்றேன். சரி, மெஷினுக்கு என்ன கோளாறு?"

"மெஷினுக்குப் பெருசா ஒண்ணும் இல்ல. டிரைவர் கூட்டிக்கிட்டுப் போவார். டெக்னீஷியன் பொண்ணு இருப்பா, அவ காட்டுவா." பெரியவள் கைப்பையைத் தோளில் ஏற்றிக்கொண்டாள். "இந்த பிளேன் திரும்பிப் போகுமா?"

"இன்னும் அரை மணியில போகுமே. ஏன் மேடம்?"

அதற்குள் அவள் டிக்கெட் கவுன்ட்டரை நோக்கிப் பாதி தூரம் போய்விட்டாள்.

வரிசையில் நின்றபடியே தலைமை டாக்டருக்குப் போன் செய்தாள்.

"இன்னிக்கு லீவு வேணும் டாக்டர். சொல்லாம கொள்ளாம கேக்கறேன். மன்னிச்சுக்குங்க."

"நீயா லீவு கேக்கறே? அப்பாவுக்கு ஏதாவதா?"

"அப்பா நல்லாத்தான் இருக்கார். தம்பியைப் பார்க்கப் போறேன்."

அவள் 'பார்க்க' என்று சொன்ன தினுசில் டாக்டர் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. "பார்த்துப் போ" என்று மட்டும் சொன்னார்.

அப்பாவுக்கு உதவிக்கு வரும் அம்மாவுக்கு அடுத்த போன். "நான் வர லேட்டாகும். சாயந்திரமும் நீங்களே இருக்க முடியுமா?"

"இருக்கேன்மா. ஐயா குளிச்சுட்டு ஜம்முனு உட்கார்ந்திருக்கார். பேசறீங்களா?"

"வேண்டாம்" என்றாள் பெரியவள்.

~

சின்ன விமானம். இரண்டு பக்கமும் காற்றாடி. ஜன்னலுக்கு வெளியே அது சுற்ற ஆரம்பித்ததும் இருக்கையே கிடுகிடுவென்று ஆடியது.

மேலே போனதும் ஊர் ஒரு கைக்குட்டை அளவுக்குச் சுருங்கியது. பிறகு மலை. ரோடு வெள்ளை நூல் மாதிரி அதன் இடுப்பைச் சுற்றிச் சுற்றி எங்கேயோ போனது. விமானம் எதைப் பற்றியும் கவலைப்படாமல் மேலே நகர்ந்தது.

இவ்வளவுதானா? இதைத் தாண்ட முடியாமலா ஒரு மகன் ஒன்றரை வருஷமாக அப்பன் முகத்தைப் பார்க்காமல் இருந்தான்?

இன்னொரு நினைப்பு அதைவிடக் கூராகக் குத்தியது. இந்த ஒன்றரை வருஷமும் அப்பா மூக்கை உறிஞ்சும்போதெல்லாம் அவள்தானே சமாதானம் சொன்னாள்? "பாவம்ப்பா அவன். பிளேன் இருந்தா ஓடி வந்துட மாட்டானா?" என்று தலையைத் தடவிக் கொடுத்தது யார்? அவன் சொன்ன பொய்க்கு இவள் காவல் நின்றிருக்கிறாள்!

பணிப்பெண் தண்ணீர் கொண்டு வந்தாள். பெரியவள் மூடியைத் திருகி ஒரு வாய் குடிப்பதற்குள் விமானம் மூக்கைத் தாழ்த்தியது.

~

சின்னவனின் மனைவி வேலை பார்க்கும் மருந்துக்கடை விமான நிலையத்திலிருந்து வரும் பெரிய ரோட்டிலேயே இருந்தது. முதலில் அங்கேதான் ஆட்டோவை நிறுத்தச் சொன்னாள். மனைவியிடம் அவன் முந்திக்கொண்டு பேச நேரம் கொடுக்கக் கூடாது என்பது ஒரு காரணம். வீட்டுச் சாவி அவளிடம் இருக்கும் என்பது இன்னொரு காரணம்.

கண்ணாடிக் கதவைத் தள்ளியதும் வெள்ளைக் கோட்டுப் போட்ட சின்னவன் மனைவி நிமிர்ந்தாள். கையிலிருந்த இருமல் மருந்து பாட்டில் டங்கென்று மேஜையில் உட்கார்ந்தது.

"அண்ணி! என்ன திடீர்னு? அப்பாவுக்கு ஒண்ணும் இல்லையே?"

"அப்பாவுக்கு என்ன? குத்துக்கல்லாட்டம் இருக்கார்."

"அதானே. போன வாரம் போயிட்டு வந்தவர் கூட நல்லாத்தான் இருக்கார்னு சொன்னார்."

பெரியவள் கவுன்ட்டரின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"யாரு போயிட்டு வந்தது?"

"உங்க தம்பிதான். மாசா மாசம் வர்றாரே அண்ணி. காலை பிளேன்ல வந்து சாயந்திரம் திரும்பிடறார்." அவள் குரல் மெதுவாக இறங்கியது. பெரியவளின் முகத்தில் எதையோ பார்த்துவிட்டாள். "போன குளிருக்கு நான் ஒரு சாம்பல் கலர் ஸ்வெட்டர் கொடுத்து விட்டேனே? ஷேவிங் மெஷின்?"

சாம்பல் நிற ஸ்வெட்டர். பக்கத்து வீட்டு வாத்தியார் கொடுத்தார் என்று அப்பா சொன்னார். வாத்தியாருக்கு நன்றி சொல்லப் போன இவளை, "அவர் கூச்சப்படுவார், சும்மா இரு" என்று தடுத்தார். உதவிக்கு வரும் அம்மாவுக்கு மாசத்தில் ஒரு நாள் லீவு கொடுக்கச் சொல்லுவார். 'அந்தம்மாவும் மனுஷிதானே' என்பார். அப்பாவுக்கு வயசானதும் இரக்கம் வந்துவிட்டது என்று இவள் ஆஸ்பத்திரியில் எல்லாரிடமும் சொல்லிப் பெருமைப்பட்டாள்.

அப்பாவுக்குத் தெரியும். முதல் நாளிலிருந்தே தெரியும்.

"உட்காருங்க அண்ணி." அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டாள்.

"வேண்டாம். மாசா மாசம் அவன் மட்டும் வந்தானே. நீ ஏன் ஒரு தடவை கூட வரலை?"

அவள் முகம் கோணியது. "நீங்கதானே வரக் கூடாதுன்னீங்க?"

"நானா?"

"அப்பாவை ஒரு நல்ல இல்லத்துல சேர்க்கலாமான்னு நான் வாய் தவறிக் கேட்டேனே, அன்னிலேருந்து உங்களுக்கு என் பேச்சை எடுத்தாலே ஆகலையாம். 'அக்கா உன் மூஞ்சியிலயே முழிக்க மாட்டேங்கறா, போன் கீன் பண்ணி வாங்கிக் கட்டிக்காதே'ன்னு சொன்னார். ஒன்றரை வருஷமா, நான் உங்களுக்கு எவ்வளவு பெரிய கொடுமை பண்ணிட்டேன்னு..."

"அதை நான் அன்னிக்கு சாயந்திரமே மறந்துட்டேன்! நீதான் வேலை வேலைன்னு எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கலைன்னு அவன் சொன்னான்."

இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். இருமல் மருந்துக்கு நின்ற பெரியவர் கேட்டார்: "அம்மா, எனக்கு வேளைக்கு எத்தனை மூடின்னு சொன்னா நான் போயிடுவேன்."

"ரெண்டு" என்றாள் சின்னவன் மனைவி. அதைச் சொல்லிக்கொண்டே வெள்ளைக் கோட்டைக் கழற்றினாள். "ஸ்கூட்டர் வெளியிலதான் நிக்குது அண்ணி. வாங்க."

~

டயர் ஷோரூமில் ரப்பர் வாசனை மூக்கைப் பிடித்தது. சின்னவன் அதற்கு மேலாளர். ஒரு கார் ஜாக்கியில் அந்தரத்தில் நிற்க, அதன் கீழே குனிந்து யாரையோ திட்டிக்கொண்டிருந்தவன், இரண்டு ஜோடிச் செருப்பைப் பார்த்து நிமிர்ந்தான்.

அக்கா. அவள் பக்கத்தில் மனைவி. அவன் முகம் வெளிறிப்போனது.

"அக்கா! எப்ப வந்தே? எப்படி?"

"பிளேன்ல."

அந்த ஒரு வார்த்தையில் எல்லாம் உடைந்தது.

"உள்ள வா, ரூம்ல உட்கார்ந்து..."

"எதுக்கு ரூம்? கதவைச் சாத்திக்கிட்டுப் பூசி மெழுகவா? இங்கயே பேசு. இந்தப் பிள்ளைங்களும் கேக்கட்டும், இவங்க மேனேஜர் எப்பேர்ப்பட்ட ஆளுன்னு."

டயர் மாற்றிக்கொண்டிருந்த இரண்டு பேரும் அவசர அவசரமாக வேறு காரைத் தேடிப் போனார்கள்.

"நானா எதுவும் பண்ணலை அக்கா. அப்பாதான் சொல்ல வேண்டாம்னார்."

"அப்பா சொன்னார்னா? நீ என்ன பால் குடிக்கிற குழந்தையா?"

"பிளேன் நின்னுச்சுன்னு சொன்னப்ப நிஜமாவே நின்னிருந்துச்சு. திரும்ப ஆரம்பிச்சதும் முதல் நாளே வந்தேன். நீ டியூட்டியில இருந்தே. அப்பாதான், 'பெரியவளுக்குத் தெரிய வேண்டாம். தெரிஞ்சா என்னை உன் தலையில கட்டிட்டு அவ போயிடுவா'ன்னார். அவர் கையைப் பிடிச்சுக்கிட்டுக் கேக்கறப்ப நான் என்ன பண்றது?"

"நீயும் தலையை ஆட்டிட்டே."

"ஒரு வயசான மனுஷன்..."

"ஒன்றரை வருஷம் ஆட்டினே! போன வெள்ளிக்கிழமை நான் உன்கிட்ட எப்படிக் கெஞ்சினேன்? ஆறு மாசம்டான்னு பிச்சை கேட்டேனே? அப்பவும் ஆட்டினே. என்கிட்ட ஒரு கதை. இவகிட்ட ஒரு கதை. நாங்க ரெண்டு பேரும் ஒரு தடவை போன்ல பேசிட்டா குட்டு உடைஞ்சிடும்னு எங்களுக்குள்ள சிண்டு முடிஞ்சு விட்டுட்டே. இதையும் அப்பாவா சொல்லிக் கொடுத்தார்?"

அவன் மனைவியைப் பார்த்தான்.

"அண்ணி கேக்கறாங்கல்ல. பதில் சொல்லுங்க" என்றாள் மனைவி. அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவனுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

சின்னவன் கைகளை அழுக்குத் துணியில் துடைத்தான். துடைத்துக்கொண்டே இருந்தான்.

"எனக்கும் அது சௌகரியமா இருந்துச்சு" என்றான் கடைசியில். "வருவேன். ரெண்டு மணி நேரம் பேசுவோம். அப்பா சிரிப்பார். 'நீ வந்தாத்தான்டா எனக்கு உசுரு வருது'ன்னு சொல்லுவார். அப்புறம் கிளம்பிடுவேன். அவ்வளவுதான் அக்கா."

"என்னைப் பார்த்து அவர் அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லைடா" என்றாள் பெரியவள். "சாப்பாட்டுல உப்பு பத்தலைன்னு சொல்லியிருக்கார்."

போனை எடுத்தாள். ஸ்பீக்கரில் போட்டாள். இரண்டாவது மணியில் அப்பா எடுத்தார்.

"எங்க போயிட்டே? பத்து மணி மாத்திரையை இந்தம்மா தேடு தேடுன்னு தேடறா..."

"சின்னவன் கடையில இருக்கேன்ப்பா."

அப்பா தொண்டையைச் செருமினார். "யாரு சொன்னா?"

"பலகையில போட்டிருந்தாங்க. ஊருக்கே தெரியும்படியா. எனக்குத்தான் தெரியலை."

"அவன் ஏதாவது உளறினானா? அவனுக்கு எப்பவும் ஓட்டை வாய்."

"அப்பா!" ஷோரூமே திரும்பிப் பார்த்தது. "முப்பது வருஷம் பஸ் ஓட்டினீங்க. எந்த ஊருக்கு எவ்வளவு தூரம்னு தூக்கத்துல கேட்டாலும் சொல்லுவீங்க. 'சின்னவன் ரொம்ப தூரத்துல இருக்கான்'னு என்கிட்ட கண்ணைக் கசக்கினீங்களே, எந்த வாயால சொன்னீங்க? நான் உங்களுக்குச் சமாதானம் சொன்னப்ப உள்ளுக்குள்ள சிரிச்சீங்களா?"

"சிரிக்கலை."

"பின்ன?"

"பயந்தேன்." அப்பாவின் குரல் முரட்டுத்தனமாகத்தான் வந்தது. "அவன் வந்தா விருந்தாளி மாதிரி உட்கார்ந்துட்டுப் போவான். ஒரு டம்ளர் தண்ணி எடுத்துக் கொடுக்கத் தெரியாது. அவன்கிட்ட என்னைத் தள்ளிட்டு நீ போயிட்டா என் கதி என்ன? அவன் வர்றது உனக்குத் தெரிஞ்சா நீ போயிடுவே. அதான் சொல்லலை. தப்புன்னா தப்புதான். இப்ப என்ன பண்ணணுங்கறே?"

"நான் என்ன, உங்க வீட்டுக் கொட்டில்ல கட்டின மாடா? கயிறு போதுமான்னு அப்பனும் மகனும் அளந்து பார்த்து முடிச்சுப் போடறீங்க!"

"பெரியவளே, பேச்சை அளந்து பேசு."

"பேசாம இருந்துதான் இந்தக் கதி. வெச்சுடறேன். மாத்திரை பிரிட்ஜ் மேல இருக்கு. நீல டப்பா."

கோபத்தின் உச்சியிலும் நீல டப்பா ஞாபகம் வந்தது. அதை நினைத்து இன்னும் கோபம் வந்தது.

~

"சாயந்திரம் பிளேன்ல நீ போறே" என்றாள் சின்னவனிடம்.

"நானா? நாளைக்கு லோடு வருது அக்கா. கடையை யாரு..."

"நான் ஆஸ்பத்திரியை யார்கிட்ட கொடுத்துட்டு வந்தேன்?"

"போங்க" என்றாள் மனைவி. "இல்லைன்னா நீங்க இனிமே எந்த ஊருக்குப் போயிட்டு வந்தாலும் நான் நம்ப மாட்டேன்."

அவன் அழுக்குத் துணியைக் கீழே போட்டான்.

பெரியவள் சொல்லச் சொல்ல அவன் நின்று கேட்டான். அவளுக்கு நிறுத்தவும் முடியவில்லை. "காலையில எழுந்ததும் நேரா நிக்க வெச்சுடாதே, கொஞ்ச நேரம் கட்டில்ல காலைத் தொங்கப் போட்டு உட்கார வை. இடது பக்கம் நின்னு தூக்கு, வலது பக்கம் அவரே பார்த்துப்பார். ராத்திரி எழுந்திருப்பார், கூப்பிட மாட்டார், தானா போய் விழப் பார்ப்பார், அதனால தூக்கத்துல கூட ஒரு காது முழிச்சிருக்கணும். குளிப்பாட்டறப்ப திட்டுவார். திட்டட்டும். இன்சுலின் எங்க இருக்கு, தெரியுமா?"

தெரியாது என்று தலையை ஆட்டினான்.

"பதினாறு மாசமா அந்த வீட்டுக்குப் போறே. பிரிட்ஜைத் திறந்து தண்ணி கூட எடுத்ததில்லை, இல்ல?"

அவன் தலை குனிந்தது. சாயங்காலம் தன் காரிலேயே, ஒரு பையோடு, தனியாக விமான நிலையத்துக்குக் கிளம்பினான். வழியனுப்ப யாரும் வாசலுக்கு வரவில்லை.

பெரியவள் தம்பி வீட்டுப் பால்கனியில் நின்று தலைமை டாக்டருக்குப் போன் செய்தாள்.

"அந்த வேலை இன்னும் இருக்கா டாக்டர்?"

"உனக்காகத்தான் யாருக்கும் சொல்லாம வெச்சிருக்கேன்."

"நான் எடுத்துக்கறேன்."

"அப்பா?"

"அவருக்கு ரெண்டு பிள்ளைங்க டாக்டர்."

சொல்லிவிட்டாள். உள்ளே சின்னவன் மனைவி சுடச் சுடச் சாப்பாடு போட்டு, தட்டை அவள் கையில் கொடுத்தாள். இன்னொருத்தர் சமைத்ததை உட்கார்ந்து சாப்பிட்டு எவ்வளவு நாளாகிறது! ஆனால் மூன்று கவளத்துக்கு மேல் இறங்கவில்லை.

அப்போதுதான் உதவிக்கு வரும் அம்மாவின் போன்.

"பிளேன் எப்பவோ வந்துட்டதா பக்கத்து வீட்டு வாத்தியார் சொல்றாரும்மா. தம்பி இன்னும் வந்து சேரலையே. நான் இருக்கேன், அதைப் பத்திக் கவலை இல்ல. ஐயாதான் வாசலையே பார்த்துக்கிட்டு..."

போன் கை மாறும் சத்தம். அப்பா.

"அவன் வரமாட்டான். எனக்குத் தெரியும். நீ ஒண்ணும் அடிச்சுப் பிடிச்சுக்கிட்டு வர வேண்டாம். நான் கிடந்துக்கறேன்." டக்கென்று வைத்துவிட்டார்.

சின்னவன் மனைவி அதற்குள் கணவனுக்கு இரண்டு தடவை போட்டுவிட்டாள். "சுவிட்ச் ஆஃப்."

"ஏறினானா இல்லையா?"

"வாங்க, போய்ப் பார்த்துடலாம்."

~

கடைசி விமானமும் போன பிறகு அந்தச் சின்ன விமான நிலையம் பள்ளிக்கூடம் விட்ட மைதானம் மாதிரி காலியாகக் கிடந்தது. கார் நிறுத்துமிடத்தில் ஒரே ஒரு கார். உள்ளே விளக்கு எரிந்தது. ஸ்டியரிங்கில் இரண்டு கையையும் வைத்தபடி சின்னவன் உட்கார்ந்திருந்தான். பையைப் பின் சீட்டிலிருந்து எடுக்கவே இல்லை.

பெரியவள் கதவைத் திறந்தாள். அடித்துவிடுவாளோ என்று அவன் தோளைக் குறுக்கினான்.

"ஏன்டா?"

"மைக்குல பேரைச் சொல்லிக் கூப்பிட்டது இங்க வரைக்கும் கேட்டுச்சு அக்கா. கால் வரலை." அவன் கண் கலங்கியிருந்தது. "பயமா இருக்கு. நான் தூக்கி, அவர் கீழ விழுந்துட்டா? எனக்கு ஒண்ணுமே தெரியாதே. அப்பாகிட்ட சிரிச்சுப் பேச மட்டும்தான் தெரியும்."

"எனக்கு மட்டும் தெரியுமா?" என்றாள் பெரியவள். "ஆஸ்பத்திரியிலேருந்து கூட்டிட்டு வந்த முதல் நாளே நான் அவரைக் கீழ விட்டேன். பாத்ரூம் வாசல்ல. அவர் மேல நான், எனக்குக் கீழ அவர். எழுப்ப ஆள் இல்லை. படுத்துக்கிட்டே உனக்குப் போன் பண்ணேன். 'மீட்டிங்ல இருக்கேன் அக்கா, அப்புறம் பேசறேன்'னு வெச்சுட்டே. அப்புறம் நீ பேசவே இல்ல. நானும் சொல்லலை. எப்படியோ எழுந்தோம். மறுநாள் திரும்பத் தூக்கினேன். பயம் போயிடும்னு நினைச்சியா? இன்னும் போகலை. பயந்துக்கிட்டேதான் தூக்கறேன்!"

அவன் முகத்தைப் பொத்திக்கொண்டான்.

"அழறதை வண்டி ஓட்டிக்கிட்டே அழு. இன்னிக்குப் பிளேன் இல்ல. ரோடு இருக்கு. எடு வண்டியை."

"இப்பவா?"

"நானும் வர்றேன்" என்றாள் மனைவி. சுற்றிக்கொண்டு போய் முன் சீட்டில் ஏறினாள். "மலை ஏறினதும் தூக்கம் வரும். மாத்தி மாத்தி ஓட்டிக்கலாம். ஒன்றரை வருஷமா மாமனாரைப் பார்க்கலை, நானும் ரெண்டு வார்த்தை கேக்கணும் அவரை."

பிறகு ஜன்னலை இறக்கினாள். "ஏறுங்க அண்ணி."

பெரியவள் பின் கதவின் பிடியில் கை வைத்தாள். அந்தக் கைக்கு வேறு எதுவும் பழக்கமில்லை. கூப்பிட்டால் போகும், அழுதால் போகும், கூப்பிடாவிட்டாலும் போகும்.

கையை எடுத்துவிட்டாள்.

"நான் வரலை."

சின்னவன் திரும்பிப் பார்த்தான். ஏதோ சொல்ல வந்தான். மனைவி அவன் கையைத் தட்டி, வீட்டுச் சாவியும் ஸ்கூட்டர் சாவியுமாக இரண்டையும் ஜன்னல் வழியாகப் பெரியவளிடம் நீட்டினாள். "பால் பிரிட்ஜ்ல இருக்கு. நல்லாத் தூங்குங்க."

கார் கிளம்பி, வளைவில் திரும்பி, மறைந்தது.

ஸ்கூட்டரில் உட்கார்ந்து சாவியைப் போடும்போது போன் அடித்தது. அப்பா.

எடுக்காமல் இருக்கலாம். எடுத்தாள்.

"அவங்க ரெண்டு பேரும் கார்ல வந்துக்கிட்டிருக்காங்கப்பா. விடியறதுக்குள்ள வந்துடுவாங்க. அதுவரைக்கும் அந்தம்மா இருப்பாங்க."

அப்பா 'ம்' என்றார். எந்தப் பாதை, எங்கே வளைவு அதிகம், எங்கே நிறுத்தி டீ குடிக்கலாம் என்று சொல்லப் போகிறார் என்று அவள் காத்திருந்தாள். அவர் அதையெல்லாம் சொல்லவில்லை.

"நீ?" என்றார்.

காலையிலிருந்து எத்தனையோ பேருக்கு அவள் எவ்வளவோ பேசிவிட்டாள். இந்த ஒரு எழுத்துக்கு மட்டும் வார்த்தை வரவில்லை.

"தெரியலைப்பா" என்றாள்.

அப்பா போனை வைக்கவில்லை. அவளும் வைக்கவில்லை.